கொட்டகைக்குப் பின்னால் ஒரு கேமரா

ஜனவரி மாதம். பின்னிரவு இரண்டு மணி நாற்பது.

பேஜா டவுனிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலை... தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்துக்கு அப்புறம் ஒரு வீடு கிடையாது. யூகலிப்டஸ் வரிசை, கோதுமை வயல், மறுபடி யூகலிப்டஸ். மழை நின்று அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சேற்றில் ஒரு பழைய பிக்கப் வண்டி, ஒற்றை விளக்கு மட்டும் எரிய, வழுக்கி வழுக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண். இரவு உடைக்கு மேல் கணவரின் கம்பளிக் கோட்டை மாட்டியிருந்தாள். பக்கத்து இருக்கையில் கைபேசி கிடந்தது. அதிலிருந்து ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

கொஞ்சம் நிறுத்தி, மூக்கால் மூச்சு வாங்கி, மறுபடியும்... சப்... சப்...

அவள் கையை நீட்டி, திரையைப் பார்க்காமலே போனைக் குப்புறப் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. இருக்கைத் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

அவள் பெயர் ஸல்வா. மோட்டார் பழுது பார்க்கிற நம் தாரிக்கின் அக்கா. இதை எனக்குச் சொன்னவன் தாரிக்தான். கடைக்காரர் தெரியாமல் பால் ஊற்றிக் கொடுத்த காபியை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

ஸல்வாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவர் முக்தார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனது மலை மேல் ஒரு பண்ணை, நாற்பத்தாறு கறவைச் செம்மறிகள், முப்பது வருடமாக அங்கேயே தங்கியிருக்கும் மேய்ப்பர் அம்மார். மகளுக்கு அந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. அதனால் தாயும் மகளும் டவுனில் குடியிருந்தார்கள். ஸல்வா தினமும் காலையில் மேலே போவாள், பாலை வடிகட்டுவாள், பாலாடைக்கட்டி போடுவாள், மிச்சம் வரும் தெளிநீரைக் காய்ச்சி ரிகூத்தா என்கிற மெத்தென்ற கட்டியைத் திரட்டுவாள். அவள் கையால் திரட்டிய ரிகூத்தா சந்தைக்கு வந்த அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்துப் பண்ணையில் ஒரே ராத்திரியில் பதினெட்டு ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாயைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகுதான் ஸல்வா கேமரா வைப்பது என்று முடிவு செய்தாள். யாரையும் கூப்பிடவில்லை. போனில் பாடம் பார்த்துப் பார்த்துத் தானே செய்தாள். நான்கு கேமராக்கள். ஒரு சோலார் தகடு, பழைய டிராக்டர் பேட்டரி. வைஃபை பெட்டியை மழை படாமல் ஒரு காலி ஆலிவ் எண்ணெய் டின்னுக்குள் வைத்தாள், தகரம் அலையை மறிக்கிறது என்று மூன்றாம் நாள் புரிந்ததும் அதை எடுத்து ரொட்டி வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள். எலி கடிக்காமலிருக்க ஒயரைக் கிழிந்த தண்ணீர்க் குழாய்க்குள் நுழைத்து இழுத்தாள். தாரிக் ஏணியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆட்ட வச்சு சினிமா எடுக்கப் போறியாக்கா? கதாநாயகி அந்த ஒத்தக் காது ஆடா?" என்று கேட்டான். "நீ ஏணிய ஒழுங்காப் பிடி. நான் விழுந்தா அதுதான் உனக்குக் கடைசிப் படம்" என்றாளாம்.

ஒன்று வாசல் கதவுக்கு. ஒன்று முற்றத்துக்கு. ஒன்று கொட்டகைக்குள், உத்தரத்தில். நான்காவதைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தாள். அந்தப் பக்கம் கூரை பாதி சரிந்த ஒரு கல் அறை இருந்தது. மாமனார் காலத்துக்கும் முந்தியது. திருடர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள் என்பது அவள் கணக்கு.

அம்மாருக்கு மற்ற மூன்றைப் பற்றி மறுப்பு ஒன்றுமில்லை. நான்காவதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் எதுவும் வராது, அது வீண் என்று இரண்டு தடவை சொன்னார். ஸல்வா கேட்கவில்லை.

முதல் வாரம் முழுக்கப் போன் கத்திக்கொண்டே இருந்தது. அந்திப் பூச்சி பறந்தால் கத்தும். கண்ணாடி முன்னால் சிலந்தி வலை பின்னினால் ராத்திரி முழுக்கக் கத்தும். கேமரா விளிம்பில் மண்ணெண்ணெய் தடவி, எது அசைந்தால் எழுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எட்டாம் நாள்தான் அவளுக்குத் தூக்கம் கிடைத்தது. ஒன்பதாம் நாள் மாலை நான்காவது கேமரா எழுப்பியது. எடுத்துப் பார்த்தாள்.

அம்மார். கையில் பெரிய அலுமினியச் சட்டி. தளும்பத் தளும்பப் பால். தலையைக் குனிந்துகொண்டு போய்க் கல் அறையின் நிலைப்படியில் வைத்தார். திரும்பி நடந்தார். பின்னால் பார்க்கவில்லை.

பழைய படங்களைப் புரட்டினாள். தினமும் அதே நேரம். தினமும் ஒரு சட்டி.

மறுநாள் காலை நேரிலேயே கேட்டாள். அம்மார் தரையைப் பார்த்தபடி பூனைக்கு வைப்பதாகச் சொன்னார்.

"ஒரு சட்டி பாலக் குடிக்கிற பூனைய எனக்கும் காட்டுங்கண்ணே" என்றாள் ஸல்வா. "ஆட்ட வித்துட்டு அதையே வளக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார். எஜமானியம்மாவை 'லெல்லா' என்றுதான் அந்தப் பக்கம் கூப்பிடுவார்கள்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்திடுறேன், லெல்லா. ஆனா நிறுத்தினது நான் இல்ல. நீங்க. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

கள்ளத்தனம் பிடிபட்ட ஆளின் வீம்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்று மாலையிலிருந்து சட்டி வைப்பது நின்றது.

மூன்று நாள் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் காலை ஒரு ஆடு பின்னங்காலை அகட்டி அகட்டி நடந்தது. அம்மார் பால் கறக்க உட்கார்ந்தவர், கையை மடியில் வைத்ததும் எடுத்துவிட்டார். ஸல்வா குனிந்து பார்த்தாள். மடி கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. காம்பு இரண்டும் விரல் நீளத்துக்கு இழுபட்டுத் துவண்டு தொங்கின. மேலெல்லாம் ஈரம். பால் ஈரம் இல்லை... கொழகொழவென்று, நத்தை ஊர்ந்த தடம்போல், காய்ந்த இடத்தில் பளபளத்தது. வைக்கோலால் துடைத்தாள். வைக்கோல் கையோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது.

அந்த வாடை அவளுக்குத் தெரிந்த வாடை. கைக்குழந்தை கக்கின பால் கழுத்து மடிப்புக்குள் தங்கி, இரண்டு நாள் குளிப்பாட்டாமல் விட்டால் வருமே... அந்தப் புளித்த, இனித்த வாடை. கொட்டகை முழுக்க.

கால்நடை மருத்துவர் வந்தார். மடிநோய் என்று ஊசி போட்டார். ஆனால் காம்பை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குட்டி இப்படி இழுக்காது என்றார். பாம்பா என்று ஸல்வா கேட்டாள். பாம்பு பால் குடிப்பது வெறும் பேச்சு என்றார். பல் பட்ட தடமே இல்லை, ஈறால் அழுத்தின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரவில் இங்கே யார் யார் தங்குகிறார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஸல்வாவுக்கு அவர் என்ன நினைக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் சுளித்தாள். ஆனால் அம்மாருக்கு முன்பற்கள் கிடையாது என்பதும் அதே நிமிடம் ஞாபகம் வந்தது.

அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு ஆடுகள். அவற்றைத் தனியாகக் கட்டி, அவற்றின் பாலைக் கொட்டச் சொன்னாள். மற்ற ஆடுகளின் பால்தானே என்று மீதியை வடிகட்டினாள், உறை ஊற்றினாள், தெளிநீரைக் கொப்பரையில் காய்ச்சினாள். ரிகூத்தா வெள்ளையாகத் திரண்டு மேலே வந்தது. வழக்கம்போல் ஒரு கரண்டி எடுத்துச் சுடச்சுட வாயில் போட்டாள். வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். பிறகுதான் வடிதுணியை அலச எடுத்தாள்.

துணியின் நடுவில் ஏதோ சேர்ந்திருந்தது. கோழை மாதிரி. ஒரு கைப்பிடி அளவு. அதை வழித்துப் போடப் பார்த்தாள். விரலை விட்டுப் போகவில்லை. இழுக்க இழுக்க நீண்டது. வெதுவெதுப்பாக இருந்தது... பால் ஆறி ஒரு மணி நேரம் ஆகியும்.

சாக்கடை ஓரம் மண்டியிட்டு அவள் வாந்தி எடுத்தாள். கொப்பரையைக் குப்புறக் கவிழ்த்தாள். குளோரின் ஊற்றிக் கையைத் தேய்த்ததில் தோல் உரிந்தது. நகத்துக்குள் மட்டும் அந்த வாடை அப்படியே இருந்தது. அன்று மகள் சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது, ஸல்வா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் அம்மாரைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, உத்தரத்துக் கேமராவைக் கழற்றிக் கீழே இறக்கினாள். தீவனத் தொட்டியின் காலில், முழங்கால் உயரத்தில், மடிகள் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக் கம்பியால் கட்டினாள். ஒலியையும் திறந்துவிட்டாள். அம்மாரிடம் சொல்லவில்லை. பிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி. அதைவிட, பிடித்துவிட்டால் அப்புறம் அந்த ஆள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற அருவருப்பு.

அன்று ராத்திரி இரண்டு மணி பத்து நிமிடம். போன் துடித்தது.

படுக்கையிலிருந்தபடியே பார்த்தாள். கொட்டகை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஆடுகளின் கண்கள் வெள்ளைப் பொட்டுகளாக. எல்லா ஆடுகளும் எழுந்து இடது மூலைக்கு நகர்ந்தன. தள்ளுமுள்ளு இல்லை. யாரோ வருவதற்கு வழி விடுவதுபோல் ஒதுங்கின. ஒன்று மட்டும் நடுவில் நின்றது. பின்னங்காலை அகட்டி, தலையைத் தாழ்த்தி, குட்டிக்கு நிற்பதுபோல் நின்றது.

அதன் மடி அசைந்தது.

காம்பு கீழே இழுபட்டது. நீண்டது. விட்டது. மறுபடி இழுபட்டது. மடியின் தோலில் குழி விழுந்தது... ஐந்து விரல் அழுத்தினால் விழுமே, அப்படி. குழந்தை குடிக்கும்போது கையால் பிசையுமே, அப்படி. ஆட்டுக்கு அடியில் வைக்கோல் வட்டமாக அமுங்கிக் கிடந்தது.

அங்கே யாரும் இல்லை. எதுவும் இல்லை.

சப்... சப்... சப்...

அப்போதும் அவள் அம்மாரைத்தான் நினைத்தாள். ஏதோ வித்தை செய்கிறார், கேமராவைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தச் சாலைதான் நான் முதலில் சொன்னது.

மேலே போய் வண்டியை நிறுத்தியபோது அம்மார் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தோளில் போர்வை, கையில் பால் நிறைந்த அந்த அலுமினியச் சட்டி. கதவு மூடியிருந்தது. நாய் டிராக்டருக்கு அடியில் வயிற்றை மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, குரைக்கவில்லை. வண்டியில் கிடந்த போனில் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதே சத்தம், ஒரு நொடி முன்னதாக, கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. அம்மார் அவள் கண் முன்னால் நின்றார். அவர் வாய் மூடியிருந்தது.

தாரிக் சொன்னான், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன் என்று. ஸல்வா திரும்பவில்லை. அவளுடைய ஆடுகள். அவளுடைய கொட்டகை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

வாடை முகத்தில் அறைந்தது. கொட்டகையே பெரிய வாயாக மாறி அவள் முகத்துக்கு நேரே மூச்சு விட்டதுபோல் இருந்ததாம். சத்தம் நின்றுவிட்டது. நடுவில் நின்ற ஆட்டிடம் போய்க் குனிந்தாள். டார்ச் வெளிச்சத்தில் காம்பு சிவந்து ஈரமாகத் தெரிந்தது. காம்பின் நுனியிலிருந்து ஒரு எச்சில் இழை. கீழே சொட்டவில்லை. பக்கவாட்டில் போயிற்று... ஒரு முழ தூரம், கொடிக் கயிறுபோல் லேசாகத் தொய்ந்து... காற்றில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றது.

இழை நடுங்கியது. நீண்டது. அந்தப் பக்கத்து முனை அவளை நோக்கித் திரும்பியது.

அறுந்தது. வெதுவெதுப்பாக அவள் மணிக்கட்டில் விழுந்தது.

அப்புறம் கோட்டின் மார்புப் பக்கத்தில் ஏதோ முட்டியது. மெதுவாக. தேடுவதுபோல். கம்பளிக்கு மேல் ஈரம் பரவியது. மறுபடி முட்டியது, இந்தத் தடவை பலமாக, அவசரமாக. பொத்தான் ஒன்று உள்ளே இழுபட்டு... சப்...

"அசையாதீங்க, லெல்லா" என்றது அம்மாரின் குரல். "தட்டி விட்டுறாதீங்க. கோவம் வந்துடும்."

அவர் உள்ளே வந்து சட்டியைத் தரையில் வைத்து, விரலால் விளிம்பைத் தட்டினார். டொக்... டொக்... டொக்... ஆட்டுக்குட்டியைப் புட்டிப்பாலுக்குக் கூப்பிடுவதுபோல் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பினார். கோட்டின் இழுப்பு விட்டது. சட்டியில் இருந்த பால் அலை அடித்தது. குறையத் தொடங்கியது. சளக்... சளக்... சட்டியின் அடி தெரிந்தது. அலுமினியம் நக்கப்படும் சத்தம் வந்தது.

இருவரும் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். ஸல்வா கோட்டைக் கழற்றி எறிந்தாள். அந்தக் குளிரில் இரவு உடையோடு நின்று மணிக்கட்டை மண்ணில் போட்டுத் தேய்த்தாள். அது என்ன என்று கேட்டாள்.

தெரியாது என்றார் அம்மார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளன்று ஸல்வாவின் மாமனார் அவர் கையில் ஒரு தேநீர்க் குவளையைக் கொடுத்து, தினமும் மாலையில் இது நிறையப் பால் அந்த நிலைப்படியில் வை, கேள்வி கேட்காதே என்றாராம். சில வருடத்தில் குவளை போதவில்லை. கிண்ணம் ஆனது. முக்தார் காலத்தில் செம்பு ஆனது. இந்தச் சட்டி வந்து ஒரு வருடம்தான்.

"வளருது, லெல்லா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. பால் கேக்குது, குடுக்குறோம்."

மடி கெட்ட நான்கு ஆடுகளையும் ஸல்வா கொன்று புதைத்தாள். கறியை யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் மாலையிலிருந்து அம்மார் பழையபடி சட்டி வைத்தார். நான்காவது கேமராவை அவளே ஏணி போட்டுக் கழற்றினாள். மடிகள் தேறின. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்... ஒரு தொந்தரவும் இல்லை. சட்டி மட்டும் வாளியானது. ஸல்வா ரிகூத்தா போட்டாள், விற்றாள். வாங்கியவர்கள் இந்த வருடம் ருசி பிரமாதம் என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் வாயில் பால் பட்டது அந்த ஜனவரியோடு சரி.

மே மாதம் ஒரு காலை மேலே போனபோது அம்மார் கல் அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாளி நிலைப்படியில் இருந்தது. பால் அப்படியே இருந்தது. மேலே மஞ்சளாக ஏடு படிந்து, ஏட்டில் ஈக்கள் சிக்கிக் கால்களை உதறிக்கொண்டிருந்தன. நேற்றும் இப்படித்தான் என்றார். முந்தாநாளும் இப்படித்தான்.

போய்விட்டதா என்று ஸல்வா கேட்டாள். அந்த நிமிடம் அவளுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்ததாம்.

அம்மார் தன் அறைக்குப் போனார். துணிகளைப் போர்வையில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருடம் இருந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை.

"போகல, லெல்லா" என்றார். "பால்குடி மறந்துடுச்சு. நீங்களும் இங்க இருக்காதீங்க."

சொல்லிவிட்டு முற்றத்தைத் தாண்டி நடந்தார். காலை எட்டு மணி. நல்ல வெயில். ஸல்வா கொட்டகைக்குள் ஓடிப்போய் ஆடுகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன. குட்டிகளை எண்ணினாள். எல்லாம் இருந்தன. நாய்கூட இருந்தது. வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வழியில் அம்மாரை ஏற்றிக்கொள்ளலாம் என்று மெதுவாகவே ஓட்டினாள். சாலையில் அவர் இல்லை. குறுக்கு வழியில் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

இருட்டும் நேரத்துக்கு, கீழே கிராமத்தில் இருக்கும் அம்மாரின் மனைவி போன் செய்தாள். வேலையை விட்டு வருகிறேன் என்று காலையில் போன் செய்தவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை, எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்டாள்.

ஸல்வாவும் தாரிக்கும் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தார்கள். முற்றத்துக் கேமராவில் எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு அம்மார் மூட்டையோடு வாசல் பக்கம் நடந்து போகிறார், படத்தின் ஓரத்தைத் தாண்டுகிறார். அங்கிருந்து வாசல் கதவுக்கு முப்பது அடி. வாசல் கேமராவை ஏழரையிலிருந்து இருட்டும்வரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.

எட்டு இருபதுக்கு ஸல்வாவின் வண்டி வெளியே போகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தக் கதவைத் தாண்டி யாருமே போகவில்லை.